இந்த வீதியாலே நேரே போனால்

வெள்ளவத்தையில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுக்கு வழி சொல்லும்போது முதலில் சொல்வது ஒன்றைத்தான்: காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமா, மற்றப் பக்கமா என்பது. 1996 ஆம் ஆண்டில் வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்த எங்கள் குடும்பம், அதன் பிறகு மூன்று வீடுகள் மாறியும், கடற்கரைப் பக்கத்தை விட்டு நகரவில்லை. காய்கறி வாங்குவதும் மருந்து வாங்குவதும் பஸ் ஏறுவதும் காலி வீதியில்தான். அந்தப் பெயரை ஒரு நாளைக்கு எத்தனை தடவை உச்சரிக்கிறோம் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் காலி என்பது ஓர் ஊர், அந்த ஊருக்குப் போகிற வழி என்பதால்தான் இந்த வீதிக்கு அப்பெயர் வந்தது என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைத்ததாக எனக்கு நினைவில்லை.

உறைக்கச் செய்தவள் என் மகள். பன்னிரண்டு வயது. சென்ற தவணையில் அவளுடைய வகுப்பைக் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குக் கூட்டிச் சென்றிருந்தார்கள். மாலையில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து, அங்கே ஒரு கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் சேர்த்து எழுதியிருக்கிறது என்றும், அது காலியில் கண்டெடுக்கப்பட்டது என்றும், சீனாவிலிருந்து கப்பலில் வந்த கல்லில் தமிழை யார் எழுதினார்கள் என்றும் ஒரே மூச்சில் கேட்டாள்.

அந்தக் கல்லைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். மிங் பேரரசின் கடற்படைத் தளபதியான செங் ஹ கொண்டுவந்து நாட்டிய கல் அது. 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற பெயரில் தெற்கு முனையில் கோயில் கொண்டிருந்த விஷ்ணுவையும் போற்றுகின்றன. மூன்று தரப்புக்கும் கொடுத்த காணிக்கைகள், பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று ஏறக்குறைய ஒரே அளவாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. இந்த ஒப்புரவுதான் எனக்கு எப்போதும் வியப்பு. யாருடைய மனமும் நோகக்கூடாது என்று கடல் கடந்து வந்த ஒரு வணிகத் தந்திரம் அது என்று சொல்லிவிடலாம். ஆனாலும் அந்தத் துறைமுகத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் எந்த மொழிகளில் வாசித்தார்கள் என்று விசாரித்து அறிந்த பிறகுதான் அதை வெட்டியிருப்பார்கள் அல்லவா? 1911 இல் டொமலின் என்ற பொறியியலாளர் கண்டெடுத்தபோது, அது காலி நகரத்தில் ஒரு மதகின் மேல் எழுத்துப் பக்கம் கீழாகக் கவிழ்ந்து மூடுகல்லாகக் கிடந்தது.

"காலி எங்கே இருக்கு, அம்மம்மா?" என்று மகள் கேட்டாள்.

"இந்த வீதியாலே நேரே போனால் வரும்" என்றார் அம்மா.

"நீங்கள் போயிருக்கிறீங்களா?"

அம்மா பதில் சொல்லவில்லை. முப்பது வருடம் ஆசிரியையாக இருந்து, பூமிசாத்திரமும் சரித்திரமும் படிப்பித்து, போர்த்துக்கேயர் 1588 இல் காலியில் கோட்டை கட்டத் தொடங்கினர் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். கொழும்பிலிருந்து தெற்கே கல்கிசைக்கு அப்பால் அவர் போனதே இல்லை. நானும் அப்படியே. எங்களுக்கு ரயில் என்றால் வடக்கே போகிற யாழ்தேவிதான். 1990 இல் அது நின்று போன பின்னரும், 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கும்வரையும், அதையே நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டு வாசலுக்கு எதிரே, மரைன் டிரைவுக்கு அப்பால், கடலோரமாக நாள் முழுவதும் தெற்கே போய்வருகிற ரயில்கள் எங்களுக்கு ஒரு சத்தம் மட்டுமே. அவை வேறு யாருடையவோ என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்துக்குக் காரணங்களும் இருந்தன. தெற்கே ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி, பிறந்த இடம் எதுவென்று சொல்லி நிற்க அந்த நாட்களில் யாருக்குத்தான் மனம் வரும்? பிறகு சாவடிகள் எடுபட்டன. போகாத பழக்கம் மட்டும் எடுபடாமல் நின்றது.

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தோம். ஓகஸ்ட் தென்மேற்குக் கரைக்கு உகந்த மாதமல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மாவின் பாஷையில் சோளகம் வீசுகிற காலம் அது. கடல் கலங்கி, அலை உயர்ந்து, குளிக்க இறங்குகிற இடங்களில் சிவப்புக் கொடி ஏற்றியிருப்பார்கள். கடலில் கால் நனைப்பதற்காகவே போகிறவர்கள் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போவதுதான் நல்லது. நாங்கள் ஒரு ஊரைப் பார்க்கப் போனோம் என்பதால் அது எங்களுக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

அம்மா இரவே றொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்து, வாழை இலையில் சுற்றி வைத்துவிட்டார். காலியில் கடைகள் இருக்கும் என்று நான் சொன்னதற்கு, "இருக்கட்டும். வெள்ளிக்கிழமை, எங்க என்ன கலந்து தருவினமோ" என்றார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

விரைவு ரயில்கள் எல்லாம் வெள்ளவத்தையில் நிற்பதில்லை என்பதால், தெற்கே போவதற்காக முதலில் வடக்கே கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்குப் பஸ்ஸில் போனோம். அந்த நேரத்தில் தென்கரையிலிருந்து வருகிற ரயில்கள் மிதிபலகையில் ஆட்கள் தொங்கத் தொங்க வந்து, அலுவலகங்களுக்குப் போகிறவர்களைக் கொட்டிவிட்டுக்கொண்டிருந்தன. கொழும்பை விட்டுப் போகிற எங்கள் பெட்டியில் இடம் தாராளமாக இருந்தது. போகும்போது வலப்பக்கம் உட்கார வேண்டும், அப்போதுதான் கடல் தெரியும் என்பதை மட்டும் நான் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். இந்தப் பயணத்துக்கு வேண்டிய முன்னறிவு பெரும்பாலும் அவ்வளவுதான்.

கொம்பனித்தெருவைக் கடந்து கொள்ளுப்பிட்டியை நெருங்கியதும் வீடுகளும் சுவர்களும் விலகி, கடல் சட்டென்று யன்னலுக்குள் வந்துவிட்டது. அங்கிருந்து தெகிவளை வரை தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் சில அடி கருங்கல் மட்டுமே. பம்பலப்பிட்டிக்கருகில் ஓர் அலை கல்லில் மோதி எழுந்து, அதன் தூவல் அம்மாவின் கண்ணாடியில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. வெள்ளவத்தை வந்தபோது மகள் எழுந்து இடப்பக்க யன்னலுக்கு ஓடினாள். எங்கள் ஒழுங்கை ஒரு கணம் வாய் திறந்து மூடிக்கொண்டது. நான்காம் மாடி விறாந்தையில் நான் காலையில் காயப்போட்ட நீலச் சேலை தெரிந்தது. கடலை நாங்கள் தினமும் பார்ப்பது அங்கிருந்துதான். கடல் பக்கமிருந்து எங்களைப் பார்ப்பது இதுவே முதற்தடவை. எவ்வளவு சிறிய விறாந்தை!

கல்கிசைக்கு அப்பால் எல்லாமே அம்மாவுக்குப் புதிது. ஆனால் ஊர்ப் பெயர்கள் ஒன்றும் புதிதல்ல. இரத்மலானை, மொறட்டுவை, பாணந்துறை, களுத்துறை என்று நிலையப் பலகைகளில் மும்மொழியிலும் வந்த பெயர்களை, வகுப்பில் இடாப்பு வாசிப்பதைப் போல ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். இந்தப் பாதை ஒரே நாளில் போடப்பட்டதல்ல. 1877 இல் மொறட்டுவை வரையும், 1879 இல் களுத்துறை வரையும், 1890 இல் அளுத்கமை வரையும் வந்து, காலியை எட்டியபோது 1894 ஆகிவிட்டது. அதற்கு முன்பே காலியின் நல்ல காலம் முடிந்துவிட்டது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரிக்கும் தபாலுக்கும் காலியில்தான் நின்றன. அங்கே இறங்கிய வெளிநாட்டுச் செய்தியைக் கொழும்புப் பத்திரிகைக்காரர் புறாவின் காலில் கட்டி வரவழைத்த காலமும் உண்டு. 1875 இல் தொடங்கிய கொழும்புத் துறைமுக அலைதடுப்பு 1885 இல் நிறைவேறியதும் கப்பல்கள் இங்கே திரும்பிவிட்டன. காலியின் பிழைப்பைப் பறித்தது எங்கள் ஊர். ரயில் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு.

களுகங்கைப் பாலத்தின் மேல் ரயில் போனபோது, ஒரு வடைக்காரர் கூடையைத் தலைக்கு மேல் தூக்கியபடி, "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று ராகம் இழுத்து வந்தார். இஸ்ஸோ என்றால் இறால். பருப்பு வடையின் நடுவில் ஒரு முழு இறால் மீசையோடு படுத்திருக்கும். மகள் என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா கடலைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை விரதம் தனக்கு மட்டும்தான் என்று அவர் மௌனமாக அறிவித்த விதம் அது. இரண்டு வாங்கினோம்.

அளுத்கமை தாண்டினால் ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரே வருகிற ரயிலுக்கு வழிவிட ஒரு சிறிய நிலையத்தில் நெடுநேரம் நின்றோம். தென்னைகளுக்கிடையே கடல் இரைவது கேட்டது, யாரும் அவசரப்படவில்லை. அம்பலாங்கொடையைக் கடந்த பிறகு, தெல்வத்தைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில், பெட்டியில் பேச்சு குறைந்ததை நான் கவனித்தேன். எதிர் இருக்கையில் இருந்த சிங்கள அம்மையார், அதுவரை மகளோடு சைகையிலும் சிரிப்பிலும் பேசிவந்தவர், கையை மடியில் சேர்த்துக்கொண்டு வெளியே பார்த்தார். பெரேலிய வந்துவிட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள், நத்தாருக்கு மறுநாள். அதனால்தான் அந்த ரயிலில் அவ்வளவு கூட்டம். காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் கோட்டையிலிருந்து தெற்கே புறப்பட்ட அந்த ரயில், ஒன்பதரை மணியளவில் பெரேலியவில் நின்றது. சுனாமியின் முதல் அலை வந்தபோது, நிற்கிற ரயில் பாரமானது, பாதுகாப்பானது என்று நம்பி அயலில் இருந்தவர்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு அதில் ஏறினார்கள். சிலர் அதன் மறைவில் நின்றார்கள். அடுத்து வந்த பேரலை பெட்டிகளைப் புரட்டி எறிந்தது. இறந்தவர்கள் 1,700 பேருக்கும் மேல் என்று கணிக்கப்படுகிறது. உலகத்தில் நடந்த ரயில் விபத்துகளில் இதைவிட அதிக உயிர்கள் போனதாக வேறொன்றைச் சொல்வது கடினம். கனடாவிலிருந்து வந்த அந்த 591 ஆம் இலக்க இயந்திரத்தைத் திருத்தியெடுத்து, 2008 இல் அதே நாளில் மீண்டும் பெரேலிய வரை ஓட்டினார்கள்.

ரயில் வேகம் குறையாமல் போனது. தென்னைகளுக்கு அப்பால், ஜப்பானியரின் உதவியோடு எழுப்பப்பட்ட நெடிய புத்தர் சிலை, தண்ணீர் நடுவில் நின்றபடி தோன்றி மறைந்தது. ஆப்கானிஸ்தானில் தகர்க்கப்பட்ட பாமியன் சிலையைப் போலச் செய்தது அது. உயரம் 18 மீற்றருக்கு மேல்.

"அந்த ரயிலும் எங்கட ஒழுங்கையைத் தாண்டித்தானே போயிருக்கும்" என்றார் அம்மா.

நான் அதை ஒருபோதும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அன்று காலை அவர் விறாந்தையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருப்பார். சத்தம் கேட்டிருக்கும். அன்று மத்தியானம் முழுவதும் முல்லைத்தீவிலும் மருதமுனையிலும் இருந்த உறவினருக்கும் சிநேகிதருக்கும் தொலைபேசியில் முயன்றுகொண்டிருந்தோம். எங்கள் துக்கம் கிழக்கிலும் வடக்கிலும் இருந்தது. தெற்கே நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறினோம் என்பது உண்மை. ஆனால் அது எங்கள் வாசலைக் கடந்து போன ரயில் என்று பதறவில்லை. இதைக் குற்றவுணர்வோடு எழுதவில்லை. அப்படித்தான் இருந்தது.

காலி நிலையத்தில் தண்டவாளம் முட்டி நிற்கிறது. மாத்தறைக்குப் போகிற ரயில், இங்கே இயந்திரத்தைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டு, வந்த திசையிலேயே திரும்பிப் புறப்பட வேண்டும். அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் அப்போது மறுபக்கமாகிவிடுவார்கள். இதை எங்களுக்கு விளக்கிய எதிர் இருக்கை அம்மையார் தன் பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தார். நாங்கள் இறங்கினோம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் கிரிக்கெட் மைதானம். அதற்குப் பின்னால் கோட்டையின் சுவர், வானத்தில் பாதியை மறைத்தபடி. 36 ஹெக்டேயரோ என்று நான் சொல்லப்போக, வழிகாட்டிப் பலகையை வாசித்த மகள் 52 என்று திருத்தினாள். போர்த்துக்கேயர் மண்ணும் மரமுமாகத் தொடங்கியதை, 1640 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் கருங்கல்லும் முருகைக்கல்லுமாகக் கட்டி முடித்தார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்து, ஒரு வாசல் போதாது என்று 1873 இல் இன்னொன்றைத் திறந்தார்கள். ஒல்லாந்தரின் பழைய வாசலில், உட்புறம் 1669 என்ற ஆண்டும் அவர்களுடைய வணிகக் கம்பனியின் சின்னமும், அதற்கு மேல் ஒரு சேவலும் செதுக்கப்பட்டிருக்கின்றன. காலி என்ற பெயரே போர்த்துக்கேய மொழியில் சேவலைக் குறிக்கும் காலோ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நம்பும்படியாக இல்லை. போர்த்துக்கேயர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1344 இல், இபன் பதூதா இந்த ஊருக்கு வந்து அதைக் காலி என்றே எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கும் தமிழில் நாம் சொல்வது ஏறக்குறைய அதே ஒலிதான். சிங்களத்தில் மாட்டுப் பட்டியைக் குறிக்கும் கால என்ற சொல் மூலமாக இருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. அம்மாவின் கருத்து, "பேரைக் கேட்டால் ஒன்றுமில்லாத ஊர் போல இருக்கு" என்பது.

சூரியக் கொத்தளத்துக்கும் சந்திரக் கொத்தளத்துக்கும் நடுவில் மதில்மேல் ஏறி நின்றால், மைதானம் காலடியில் கிடக்கிறது. ரெஸ்ட் போட்டி நடக்கும் நாட்களில் இந்த மதிலில் உட்கார்ந்து பார்க்கலாம். மகளுக்கு நான் சொல்ல ஆசைப்பட்ட ஒரே கிரிக்கெட் கதை இங்கே நடந்ததுதான். 2010 ஜூலை 22. முத்தையா முரளிதரனின் கடைசி ரெஸ்ட் போட்டி, இந்தியாவுக்கு எதிராக. போட்டி தொடங்கும்போது அவரிடம் 792 விக்கெட்டுகள் இருந்தன. எண்ணூறுக்கு எட்டு வேண்டும். ஏழு கிடைத்த பிறகு, எட்டாவது வராமல் நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து மஹேல ஜயவர்தனவின் கைகளுக்குப் போனது. ரெஸ்ட் கிரிக்கெட்டில் முரளி வீசிய கடைசிப் பந்து அது. கிரிக்கெட் என்றால் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்கிற அம்மா, அன்று அடுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தார். "கண்டியில பிறந்த பிள்ளை, காலியில சாதிச்சது" என்று இப்போதும் அதையே சொன்னார்.

மகளுக்கு இதில் அவ்வளவு ஆர்வமில்லை. சுனாமி வந்தபோது இந்த மைதானமும் எதிரே உள்ள பஸ் நிலையமும் மூழ்கின, மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள் என்பதைக் கேட்டபோதுதான் அவள் மதிலின் அகலத்தைக் காலடியால் அளக்கத் தொடங்கினாள். மனிதருக்கு எதிராகக் கட்டிய சுவர் கடலைத் தடுத்தது.

உள்ளே தெருக்கள் குறுகலானவை, சுத்தமானவை, எனக்குச் சற்று அலங்காரம் கூடியவையாகப் பட்டன. பழைய வீடுகளின் முன் விறாந்தைகளில் கோப்பிக் கடைகளும், நகைக் கடைகளும், வாடகை அறைகளும். விலைப்பட்டியல்கள் எங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. 1755 இல் கட்டிய ஒல்லாந்த தேவாலயத்தில் தரை முழுவதும் கல்லறைக் கற்கள். மிதிக்காமல் நடக்க முடியாது என்று கண்ட அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மதிலோரம் ஒரு மர நிழலில் உட்கார்ந்து றொட்டியை அவிழ்த்தோம். தேங்காய்ப்பூ போட்ட றொட்டி, கடற்காற்று, உறைப்பான சம்பல். அந்தச் சாப்பாட்டை அந்தத் தெருவின் எந்தக் கடையும் தந்திருக்க முடியாது என்று நான் இப்போதும் எண்ணுகிறேன்.

வெளிச்சவீட்டுக்கு எதிரே மீரான் ஜும்மாப் பள்ளிவாசல் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கிறிஸ்தவத் தேவாலயம் என்றே நினைக்கத் தோன்றும். கிட்ட வந்தால்தான் பிறையும் அரபு எழுத்தும் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய வடிவம் பெற்றது. எதிரே நிற்கும் வெளிச்சவீடு அதைவிட இளையது. 1848 இல் கட்டிய முதலாவது எரிந்துபோக, 1939 இல் எழுந்தது. நாங்கள் அங்கே போனபோது ஜும்மா நேரம். தெருவே வெறிச்சோடியிருந்தது, வாசலில் செருப்புகள் மட்டும் அலையலையாகக் கிடந்தன. மதிலில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் பிரசங்கம் மெல்லக் கேட்டது. நான் கைப்பேசியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையைத் தட்டினார்.

"கேள். தமிழ்."

தமிழ்தான். அயலவருக்குச் செய்ய வேண்டிய கடமையைப் பற்றியது. அரபு வசனங்களுக்கு இடையில், எழுவாயும் பயனிலையும் தெளிவாக நிற்கிற மேடைத் தமிழ். தென்கரை நெடுக, பேருவளையிலும் அளுத்கமையிலும் வெலிகமவிலும், தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் வாழ்கிறார்கள் என்பது தெரியாத செய்தியல்ல. இருந்தாலும் தெரிந்த செய்தி வேறு, சோளகக் காற்றில் ஏறி இறங்கி அது காதில் விழுவது வேறு. அம்மா பிரசங்கம் முடியும்வரை எழும்பவில்லை.

தொழுகை முடிந்ததும், பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடையின் கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட முதியவர். அம்மா, ஊர் தெற்கு என்பதால் சிங்களமே சரி என்று முடிவு செய்து, தன்னிடமிருந்த சில சொற்களைக் கோத்துத் தண்ணீர்ப் போத்தல் கேட்டார். அவர் சிரித்தார்.

"தமிழ்லயே பேசுங்க அம்மா. எங்கேந்து வாறீங்க?"

"வெள்ளவத்தை, நானா. ஊர் யாழ்ப்பாணம்."

"நாங்க பாட்டன் காலத்திலேந்து இங்கதான் ஈக்கிறோம். அங்கால ஊடெல்லாம் இப்ப ஹோட்டல். எங்கட ஊடு மட்டும் ஊடாவே ஈக்கிது."

'ஈக்கிது' என்ற சொல்லில் மகள் சிக்கிக்கொண்டாள். இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தபோது, அதைத் தானும் இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவர் தண்ணீருக்குக் காசு வாங்கினார். அவளுக்குக் கொடுத்த கல்கண்டுக்கு வாங்கவில்லை. சீனர் வைத்த கல்லைப் பற்றி அவள் கேட்டாள்.

"அது கொழும்புக்குப் போய்ட்டே, மகள். அங்கேந்து இங்க வந்து தேடுறீங்களா?"

உண்மைதான். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத்துக்குள் இருக்கிற கல்லின் இடத்தைப் பார்க்க 115 கிலோமீற்றர் வந்திருந்தோம். கல் கிடந்த மதகு கிறிப்ஸ் வீதிச் சந்திக்கு அருகில் என்று வாசித்த நினைவைச் சொன்னேன். அது கோட்டைக்கு வெளியே, நகரத்துக்குள் என்று வழி சொன்னார். ஓட்டோ பிடித்துப் போனோம். ஒரு சந்தி, வாகன நெரிசல், நடைபாதையின் கீழே ஒரு வடிகால். அதன் மேல் புதிய கொங்கிறீற் மூடி. அவ்வளவுதான். மகள் குனிந்து மூடியின் இடைவெளிக்குள் எட்டிப் பார்த்ததை ஓட்டோக்காரர் விளங்காமல் பார்த்தார். அறுநூறு வருடத்துக்கு முன்னர் மூன்று மொழியில் மரியாதை செய்யப்பட்ட ஊரில் அதற்கு ஓர் அடையாளப் பலகையாவது நான் கண்ணால் கண்ட இடத்தில் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. "எழுத்துப் பக்கம் கீழே போட்டபடியால்தான் எழுத்துத் தப்பியிருக்கு" என்றார்.

மழை வந்தது. திரும்புவதற்கும் ரயில் என்றுதான் யோசித்திருந்தோம். பஸ் நிலையத்தைக் கண்ட அம்மா, "காலி வீதியாலேயே போவம்" என்றார். அதிவேகப் பாதையால் போகிற பஸ் பாதி நேரத்தில் கொண்டுபோய்விடும் என்றேன். அது காலி வீதி அல்ல என்றார். ஆகவே கரையோரமாக ஊர்கிற சாதாரண பஸ்ஸில், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் வந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாட்டுச் சத்தம் காதை அடைத்தது. அம்பலாங்கொடையில் கடைச் சுவர்களில் முகமூடிகள் பல்லைக் காட்டின. களுத்துறையில், போதி மரத்தின் முன்னால் பஸ் நின்று, நடத்துநர் இறங்கி ஓடிப்போய் உண்டியலில் காசு போட்டுவிட்டு வந்தார். பயணம் நலமாக முடிய வேண்டும் என்று இந்த வீதியில் ஓடுகிறவர்கள் தவறாமல் செய்வது. அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு நாணயத்தையும் அவரிடம் கொடுத்தனுப்பினார். மகள் கிலோமீற்றர் கற்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து, மொறட்டுவையில் தூங்கிப்போனாள்.

வெள்ளவத்தையில் இறங்கியபோது மின்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மறுநாள் சமையலுக்கு ஒன்றுமில்லை என்று அம்மா வழக்கமான மரக்கறிக் கடையில் நின்றார்.

"எங்க ரீச்சர், இந்த நேரத்தில?" என்றார் கடைக்காரர்.

"காலிக்குப் போட்டு வாறம்."

"காலிமுகத்திடலுக்கோ? மழையா இருந்திருக்குமே அங்க" என்றார், கொழும்பின் கடற்கரைத் திடலை நினைத்து.

"இல்லை. காலிக்கு."

அவர் முருங்கைக்காய்க் கட்டைத் தராசில் வைத்தபடி, அது எந்தப் பக்கம் என்று கேட்பவரைப் போல நிமிர்ந்தார். அம்மா குடையால் வீதியின் தெற்குப் பக்கத்தைக் காட்டி, காய் முற்றலாக இருக்கிறது, வேறு எடுத்துப் போடுங்கோ என்றார்.